பட்டன் போனுக்கு மாறலாமா? கடைக்கு வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் மொபைல் விற்பனையும் சர்வீஸும் செய்யும் சின்னக் கடை என்னுடையது. பட்டன் போன் கேட்டு வருபவர்கள் என்றால் முன்பெல்லாம் வயதானவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், "சாரத்துல இருந்து விழுந்தாலும் உடையக் கூடாது" என்று கேட்கும் கொத்தனார்கள். இப்போது கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கையில் இருபதாயிரம் ரூபாய் டச் போனை வைத்துக்கொண்டே, "இன்ஸ்டா இல்லாத போன் ஒண்ணு குடுங்கண்ணா" என்கிறார்கள்.

எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலித்துப்போனதால், அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். வியாபாரத்துக்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பட்டன் போன் ஒன்று விற்றால் கிடைக்கும் லாபத்தைவிட ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டினால் கிடைப்பது அதிகம்.

"அண்ணா, பட்டன் போன்னா எல்லாம் ஒண்ணுதானே? இருக்கிறதுலயே கம்மி விலையில ஒண்ணு எடுங்க."

ஒன்றில்லை. அழைப்பு, எஸ்எம்எஸ், எஃப்எம், டார்ச், பாம்பு விளையாட்டு, அவ்வளவோடு நிற்கும் 2ஜி போன் ஒரு வகை. பார்க்க அதே மாதிரி இருந்து உள்ளே 4ஜி ஓடுவது இன்னொரு வகை. மூன்றாவது, பட்டன் வைத்த குட்டி ஸ்மார்ட் போன். 2017-ல் வந்த ஜியோபோன் அப்படிப்பட்டது. கைஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடியது, யூடியூபும் ஃபேஸ்புக்கும் அதில் பார்க்க முடிந்தது.

மாட்டிக்கொள்வது இரண்டாவது வகையில்தான். 1999-ல் வந்த நோக்கியா 3210-ஐ 2024-ல் புது உருவில் 4ஜியோடு மறுபடி விட்டார்கள். அழகான போன். ஆனால் கிளவுட் ஆப் என்ற பெயரில் யூடியூப் ஷார்ட்ஸும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ரீல்ஸுக்குப் பயந்து பட்டன் போன் வாங்கி, தீப்பெட்டி அளவுத் திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஷார்ட்ஸ் பார்ப்பதற்கு நீங்கள் டச் போனிலேயே இருந்துவிடலாம். பணம் கொடுக்கும் முன் மெனுவை முழுக்க ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

"என்கிட்ட ஜியோ சிம் இருக்கு. போட்டா ஓடுமா?"

ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. அதனால் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, உள்ள பட்டன் போனில் மட்டுமே ஜியோ சிம் ஓடும். ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் சிம்களை 2ஜி போனில் போட்டாலும் பேசலாம். இருந்தாலும் நான் 4ஜியையே எடுக்கச் சொல்வேன். குரல் தெளிவாக இருக்கும், நாளைக்குக் கம்பெனிக்காரர்கள் 2ஜியை நிறுத்தினாலும் போன் வீணாகாது.

சிம் அளவையும் பாருங்கள். டச் போனில் இருப்பது நானோ சிம். பல பட்டன் போன்களில் இன்னும் பழைய பெரிய பள்ளம்தான். பிளாஸ்டிக் அடாப்டர் வைத்துப் போட வேண்டும். சிம்மை எடுத்துவிட்டு வெறும் அடாப்டரை மட்டும் செருகி இழுத்தால் உள்ளே இருக்கும் பின் மாட்டி வளைந்துவிடும். சர்வீஸுக்கு அடிக்கடி வரும் கோளாறு இது. நம்பர்களை மாற்ற சிம்மை நம்பாதீர்கள், பெரும்பாலான சிம்களில் 250 பெயர் வரைதான் ஏறும். புளூடூத்தில் மொத்தமாக அனுப்பிவிடலாம், கடையில் கேட்டால் செய்து தருவார்கள்.

"டச் போன்லயே இன்ஸ்டாவ அழிச்சிட்டா போதாதா? எதுக்கு இன்னொரு போன்?"

போதும் என்றால் அதையே செய்யுங்கள், காசு மிச்சம். என்னிடம் வருகிறவர்கள் அதைப் பலமுறை செய்து பார்த்துவிட்டு வருகிறார்கள். அழித்த ஆப்பைத் திரும்ப ஏற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆப் இல்லாவிட்டாலும் குரோமில் திறக்கலாம். ஒன்று போனால் இன்னொன்று வரும்: 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கை இந்திய அரசு தடைசெய்தது, ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸை இறக்கிவிட்டது. நம் ஆட்கள் ஒரு மாதம்கூடச் சும்மா இருக்கவில்லை.

இதைப் பற்றி நல்ல ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 467 பேரை வைத்துச் செய்து, 2025-ல் பிஎன்ஏஎஸ் நெக்ஸஸ் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் போனில் இன்டர்நெட்டை மட்டும் ஒரு ஆப் மூலம் அடைத்துவிடுவது, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் உண்டு, கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்த்துக்கொள்ளலாம். அதாவது கையில் இருந்த ஸ்மார்ட் போனையே பட்டன் போன் ஆக்கிவிட்டார்கள். மனநிலை, கவனம் இரண்டும் மேம்பட்டன. ஆனால் இரண்டு வாரத்தில் பத்து நாளாவது அந்த அடைப்பைக் கழற்றாமல் இருந்தவர்கள் கால்வாசிப் பேர்தான். பலன் உண்டு என்பதும், கையிலேயே வைத்துக்கொண்டு அடக்குவது கஷ்டம் என்பதும் ஒரே ஆராய்ச்சியில் தெரிகின்றன.

பட்டன் போன் உங்களுக்கு மன உறுதியைத் தராது. போனுக்கும் உங்களுக்கும் நடுவில் கொஞ்சம் தூரத்தைத் தரும். பஸ் வரும்வரை நிற்கிற ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்தத் தூரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியவைதான்.

"இது வெள்ளைக்காரப் பசங்க ஃபேஷன்தானே?"

பெயர் வாங்கியது அங்கேதான். நியூயார்க் புரூக்ளினில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர், புதுத் தொழில்நுட்பம் வேண்டாம் என்பவர்கள் என்ற பொருளில் 'லட்டைட் கிளப்' என்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிராஸ்பெக்ட் பார்க்கில் கூடிப் புத்தகம் படிப்பதும் படம் வரைவதுமாக இருந்தார்கள். சிலர் கையில் மடக்கு போன். 2022 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதை எழுதியபோது உலகம் முழுக்கப் பேச்சானது. லைட் போன் என்று இதற்கென்றே செய்த கருப்பு வெள்ளைத் திரைப் போனும் அங்கே விற்கிறது. அதன் விலைக்கு இங்கே நல்ல ஸ்மார்ட் போனே வாங்கலாம்.

நமக்கு அந்த விலை தேவையில்லை. பட்டன் போன் இங்கே வழக்கொழிந்த பொருளே இல்லை, எந்த ஊர் பஜாரிலும் கிடைக்கும், பேட்டரி போனால் மாற்றித் தர ஆள் உண்டு. அங்கே இல்லாத சிக்கல் ஒன்று மட்டும் இங்கே உண்டு. அங்கே கார்டைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள், இங்கே டீக்கடையிலிருந்து பூக்கூடை வரை ஸ்கேனர் அட்டைதான். அடுத்த கேள்வி அதுதான்.

"ஜிபே இல்லாம எப்படிண்ணா? பத்து ரூபா டீக்கே ஸ்கேன் பண்றேன்."

எல்லோரும் தயங்குகிற இடம் இதுதான், இன்ஸ்டா இல்லை. பட்டன் போனில் பணம் அனுப்ப வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். *99# போட்டு, டெபிட் கார்டு விவரம் கொடுத்து யுபிஐ பின் வைத்துக்கொண்டால், இன்டர்நெட் இல்லாமலே ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். ஆனால் ஜியோ சிம்மில் இந்த *99#-ஐ நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்று இன்னொன்றையும் கொண்டுவந்தது. ஒரு எண்ணுக்கு அழைத்து, சொல்லுகிறபடி பட்டனை அழுத்தி அனுப்புவது. சில போன்களில் அது மெனுவிலேயே வரும். இதன் வரம்பை 10,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள்.

நடைமுறையைச் சொல்கிறேன். வாடகை, கல்லூரிக் கட்டணம் மாதிரி உட்கார்ந்து அனுப்புவதற்கு இவை சரி. டீக்கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே ரொக்கம்தான். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசமாக எடுக்கலாம், வாரம் ஒருமுறை எடுத்தால் கட்டணத்துக்கு இடமே இல்லை. எடுக்கும்போது 1,900, 2,400 என்று கேளுங்கள், நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களும் வரும். முழு ஐந்நூறாக வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பார்க்கிற பார்வையே தண்டனை.

ஒரு பக்கப் பலனும் உண்டு. பர்ஸ் மெலிவது கண்ணுக்குத் தெரிவதால் மாலை நேர ஷவர்மா செலவு குறைந்ததாகப் பையன்களே சொல்கிறார்கள்.

"கிளாஸ் குரூப் முழுக்க வாட்ஸாப்லதான். சார் அசைன்மென்ட் கூட அதுலதான் போடுறாரு. என்ன பண்றது?"

முதலில் கெட்ட செய்தி. பட்டன் போனில் வாட்ஸாப் என்ற காலம் முடிந்துவிட்டது. ஜியோபோன் மாதிரி கைஓஎஸ் போன்களில் 2018 முதல் வாட்ஸாப் இருந்தது. 2024 ஜூனோடு புதிதாக இறக்கிக்கொள்வதை நிறுத்தினார்கள், 2025-ல் ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கும் நின்றது. "வாட்ஸாப் ஓடும் பட்டன் போன்" என்று யாராவது பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் ஏமாறாதீர்கள்.

நான் சொல்கிற வழி 'வீட்டு போன்'. பழைய டச் போனை விற்காமல் வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். டிவி ஸ்டாண்டு, சாமி அலமாரிக்குக் கீழே, எங்கேயாவது. சார்ஜர் அங்கேயே செருகியிருக்கட்டும். அந்தக் காலத்து லேண்ட்லைன் மாதிரி, வேண்டுமென்றால் நீங்கள் அதனிடம் போக வேண்டும். படுக்கைக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். சாயங்காலம் ஒருமுறை, இரவு ஒருமுறை குரூப்பைப் பார்த்தால் எந்த அசைன்மென்ட்டும் தவறாது. அவசரமானதற்கு வகுப்பில் ஒருவரிடம் "ஏதாச்சும்னா கால் பண்ணிடுடா" என்று சொல்லிவைத்தால் போதும். விடுதியில் இருப்பவர்கள் பெட்டியில் பூட்டிவைக்கலாம்.

சிம் விஷயத்தில் கவனம் வேண்டும். சிம் பட்டன் போனில், அதே நம்பர் வாட்ஸாப் வைஃபையில் வீட்டு போனில் என்று பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, கணக்குக்குரிய சிம் அதே கருவியில் இருந்தால்தான் இந்த மாதிரி ஆப்கள் ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகையால் அந்த வழியை நம்பித் திட்டம் போட வேண்டாம். வீட்டு போனுக்கென்று இரண்டாவது சிம் ஒன்று வாங்கி, வாட்ஸாப்பில் 'நம்பர் மாற்று' கொடுத்துவிடுங்கள். குரூப்கள் அப்படியே தொடரும். எல்லோருக்கும் தெரிந்த பழைய நம்பர் பட்டன் போனில் இருக்கட்டும்.

"ஓடிபி, ஜிமெயில், தட்கல் இதெல்லாம்?"

எஸ்எம்எஸ்ஸாக வருகிற எதற்கும் பட்டன் போன் போதும். வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, கேஸ் சிலிண்டர் டெலிவரி எண் எல்லாம் வரும். 2025 ஜூலையிலிருந்து தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். அந்த ஓடிபியும் எஸ்எம்எஸ்தான், டிக்கெட்டை லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். வங்கியில் பதிந்த நம்பர் உள்ள சிம்மைப் பட்டன் போனிலேயே வைப்பது நல்லது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அந்த சிம்மை டச் போனிலிருந்து எடுத்துவிட்டால் அங்குள்ள ஜிபே, போன்பே மறுபடி சரிபார்ப்புக் கேட்கும், எஸ்எம்எஸ் போக சிம் அங்கே இல்லாததால் நின்றுவிடும்.

ஜிமெயில் மட்டும் கொஞ்சம் தகராறு செய்யும். "உங்கள் போனில் ஆம் என்று தட்டுங்கள்" என்று கேட்கிற முறையை மாற்றி, எஸ்எம்எஸ் கோடு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் பத்து பேக்கப் கோடுகள் கிடைக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து சர்டிஃபிகேட் ஃபைலில் வைத்துவிடுங்கள். மாறுவதற்கு முந்தைய நாளே செய்ய வேண்டிய வேலை இது.

"தமிழ்ல எஸ்எம்எஸ் அடிக்க முடியுமா?"

முடியும். வாங்கும்போது மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா, விசைகளில் தட்டினால் தமிழ் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். ஒரே விசையை நாலைந்து தடவை தட்ட வேண்டியிருக்கும், இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டியது கணக்கு. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழில் 70தான். அதிலும் நாம் எண்ணுவது ஒன்று, போன் எண்ணுவது ஒன்று. "நாளைக்குக் காலையில வர்றேன்" என்று அடியுங்கள். நம் கணக்கில் 13 எழுத்து, நடுவில் இரண்டு இடைவெளி, ஆக 15. புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் போனுக்கு அது 26. கொஞ்சம் நீட்டிப் பேசினால் ஒரு செய்தி இரண்டாகி, இரண்டும் கணக்கில் ஏறும். வழக்கமான பிளான்களில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்பதால் ஆபத்தில்லை. அடுத்த பதிலில் வரும் பேச்சு மட்டும் பிளான் போட்டிருந்தால் பார்த்துச் செலவழிக்க வேண்டும். காதலிக்கிற பையன்கள் இதைக் கேட்டதும் முகம் வாடுகிறார்கள். அழைத்துப் பேசுங்களேன், தம்பி!

"நெட் இல்லாட்டி ரீசார்ஜ் மிச்சமாகுமா?"

நினைக்கிற அளவுக்கு இல்லை. நெட் வேண்டாதவர்களுக்கும் நெட்டோடு சேர்த்தே விற்பதாகப் புகார் வந்து, 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி போட்டது: பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தந்தாக வேண்டும். 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படிப்பட்ட பிளான்களைக் கொண்டுவந்தன. 84 நாளுக்கு ஒன்று, ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு ஒன்று என்று இருக்கும், எஸ்எம்எஸ் மொத்தமாக இத்தனை என்று தருவார்கள். ஆப்பில் தேடினால் கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும். கடையில் "வாய்ஸ் ஒன்லி" என்று கேளுங்கள். வீட்டில் வைஃபை இருந்து, இதைப் போட்டால் கொஞ்சம் மிஞ்சும். வீட்டு போனுக்கு இரண்டாவது சிம் போடுகிறவர்களுக்கு ஏறக்குறைய சரிக்குச் சரிதான்.

"வழி தெரியாத ஊருக்குப் போனா?"

கிளம்பும் முன் வீட்டில் பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் ஒரு போன் நம்பரையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். சென்னையில் சிங்காரச் சென்னை அட்டை ஒன்று வாங்கினால் மெட்ரோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் சேர்த்தே ஆகும், க்யூஆர் தேவையில்லை.

"அவசரத்துக்கு லொகேஷன் அனுப்ப முடியாதே, அம்மா பயப்படுறாங்க."

பயம் நியாயமானதுதான். லைவ் லொகேஷன் பட்டன் போனில் வராது. ஆனால் 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்பது விதி: 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். உங்கள் போனில் எது என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேராக 112 அடிக்கலாம், பெண்களுக்கு 181 உண்டு. சார்ஜ் நிற்பதையும் கணக்கில் எடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது 3 சதவீதத்தில் இருக்கும் டச் போனைவிட, நேற்று முன்தினம் சார்ஜ் போட்ட பட்டன் போன் உதவும்.

அப்படியும் தனியாக இரவுப் பயணம் என்றால் அன்றைக்கு வீட்டு போனைக் கையில் எடுத்துப் போங்கள். அதற்குத்தான் அதை விற்க வேண்டாம் என்றேன். வைராக்கியம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை.

"மாமா துபாய்ல, அக்கா சிங்கப்பூர்ல. வீடியோ கால் இல்லாம முடியாதுண்ணா."

இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்பதால் தினமும் கேட்கும் கேள்வி. சிம்மிலிருந்து ஐஎஸ்டி போட்டால் கட்டுப்படியாகாது. வீட்டு போனில் நேரம் குறித்துப் பேசுங்கள். துபாயில் வாட்ஸாப் அழைப்பு ஓடாது, போட்டிம் மாதிரி ஆப் வைத்திருப்பார்கள், அதையும் வீட்டு போனில் போட்டுவிடலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். மூன்று நாள் ஆன்லைனில் பச்சை தெரியவில்லை என்றதும் ஊரில் இருக்கிற அத்தனை சொந்தக்காரருக்கும் போன் போட்டு விசாரிப்பார்கள்.

"முதல் வாரம் எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லுங்க."

கை சும்மா இருக்காது. பாக்கெட்டுக்குள் போகும், போனை எடுக்கும், பட்டனை அமுக்கிப் பூட்டைத் திறக்கும், மணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி. கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் இதைச் செய்வார்கள், மணி எத்தனை என்று கேட்டால் தெரியாது! சாப்பிடும்போதும் கழிவறையிலும்தான் அதிகம் தவிப்பு என்கிறார்கள். இரவு தூங்கும் முன் அந்த ஒரு மணி நேரம் மலையாக இருக்கும். எஃப்எம் கேளுங்கள். இயர்போன் வயர்தான் ஏரியல் என்பதால் வயர் இல்லாமல் பல போன்களில் பாட்டு வராது.

இரண்டாவது வாரத்தில் வேறு ஒரு தவிப்பு வரும். நண்பர்கள் ஒரு ரீலைச் சொல்லிச் சிரிப்பார்கள், உங்களுக்குப் புரியாது. தேநீர் வேளையில் பாதிப் பேச்சு அப்படித்தான் ஓடும். முதலில் ஒதுக்கிவைத்த மாதிரி இருக்கும். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறார்கள், ஜிபே கஷ்டத்தால் இல்லை. கூட ஒரு நண்பரையும் சேர்த்து மாறியவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். புரூக்ளின் பிள்ளைகள் கிளப் ஆரம்பித்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

"இன்ஸ்டா அக்கவுண்ட்டை அழிச்சிடட்டுமா, சும்மா விட்டுடட்டுமா?"

முதலில் முடக்கி மட்டும் வையுங்கள். முடக்கினால் உங்கள் படங்கள் யாருக்கும் தெரியாது, திரும்பி வந்தால் அப்படியே இருக்கும். அழிக்கக் கொடுத்தால் 30 நாள் அவகாசம், அதற்குள் உள்ளே நுழைந்து அழிப்பை ரத்து செய்துகொள்ளலாம். அழிப்பதாக இருந்தால் படங்களை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்.

2018-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் காசு கொடுத்து ஒரு கூட்டத்தை நாலு வாரம் ஃபேஸ்புக்கை முடக்க வைத்தார்கள். நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிஞ்சியது, மனசு கொஞ்சம் லேசானது, கூடவே நாட்டுநடப்பு தெரிவதும் குறைந்தது. அந்தக் கடைசி விஷயத்தை மறக்காதீர்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் வீட்டுக்குப் பேப்பர் போடச் சொல்லுங்கள்.

"பட்டன் போன்னா மோசடிக்காரன் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?"

பாதி உண்மை. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று ஏபிகே என்கிற ஆப் ஃபைலை அனுப்பி போனையே பிடித்துக்கொள்ளும் திருட்டு உங்களிடம் நடக்காது. ஓடிபி கேட்டு அழைப்பவன் எல்லா போனுக்கும் அழைப்பான். அழைப்பது யார் என்று காட்டும் ட்ரூகாலர் இல்லாததால் 140-ல் தொடங்குவது விளம்பரம், 1600-ல் தொடங்குவது வங்கி மாதிரி நிறுவனங்கள் என்று நினைவில் வையுங்கள். தொல்லை அழைப்பைத் தடுக்க 1909, பணம் போய்விட்டால் உடனே 1930.

"எங்க பொண்ணு எந்நேரமும் போன்தான். பட்டன் போனா மாத்திக் குடுத்துடலாம்னு இருக்கோம்."

பெற்றோர் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சங்கடம். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் ஆணோ பெண்ணோ பட்டன் போன் போதும் என்பேன். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அவர்களே அந்த வயதுக்கு வேண்டாம் என்கிறார்கள்.

கல்லூரிக்குப் போகும் பெண் என்றால் ஒன்று கேட்பேன்: பையனுக்கும் மாற்றுகிறீர்களா? பெரும்பாலும் பதில் வராது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் சொந்த மொபைல் உள்ள பெண்கள் நாடு முழுவதும் 54 சதவீதம்தான். அப்படிப்பட்ட நாட்டில் பெண்ணின் போனைப் பிடுங்கிப் பட்டன் போனைக் கொடுத்துவிட்டு, அதை இந்த ஃபேஷனோடு சேர்த்துப் பேசக் கூடாது. தானாக வந்து கேட்கிற பெண்ணுக்கு அது விடுதலை, நீங்கள் திணித்தால் அது பூட்டு. அப்பா, அம்மா, பையன் எல்லோருமே இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டு போன் பக்கத்தில் தங்கள் போனையும் வைத்துவிடுவது என்றால் நான் உங்கள் கட்சி.

"இதெல்லாம் வசதி இருக்கிறவங்க விளையாட்டு. எனக்கு வேலையே போன்லதான்."

சரியாகச் சொன்னீர்கள். ஸ்விக்கி, ரேபிடோ ஓட்டுகிறவர், இன்ஸ்டாவில் பிளவுஸ் தைத்து விற்கிறவர், வேலை தேடிக்கொண்டிருக்கிறவர், இவர்களுக்கெல்லாம் பட்டன் போனைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் இருப்பவரால்தான் ஒன்றைக் குறைக்க முடிகிறது. லேப்டாப் இல்லாத மாணவருக்கு டச் போன்தான் நூலகமும் நோட்டும்.

அப்படிப்பட்டவர்கள் சுலபமான ஒன்றைச் செய்யலாம். வேலை முடிந்ததும் சிம்மை ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய பட்டன் போனில் மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாற்றுங்கள். சிம் மாற்றினால் மேலே சொன்ன ஜிபே தொல்லை வரும் என்பதால், வங்கியில் பதியாத நம்பராக இருந்தால் நல்லது.

"போனை மாத்திட்டேன். இப்போ லேப்டாப்ல உக்காந்து அதையே பாக்குறேன்."

இதைக் கேட்டு வருகிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வரும் பக்கத்தை 2006-ல் ஆசா ராஸ்கின் என்பவர் வடிவமைத்தார். அதன் விளைவுக்காக வருந்துவதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எங்கே நிறுத்துவது என்று காட்டும் இடமே அதில் இல்லை.

மூன்றாவது கேள்வியில் சொன்ன தூரம்தான் இங்கேயும். பாஸ்வேர்டை நீளமாக மாற்றி, பிரவுசரில் சேமிக்காமல் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். லேப்டாப்பை மேஜையில் மட்டும் வைத்துப் பயன்படுத்துங்கள். அப்படியும் ஒரு மணி நேரம் பார்க்கிறீர்களா, பார்த்துவிட்டுப் போங்கள். முன்பு ஐந்து மணி நேரம் பார்த்தீர்கள் அல்லவா. ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்களுக்கும் கம்ப்யூட்டர் திறந்தேதான் இருந்தது.

"வாங்கிட்டுப் பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?"

பெட்டி பிரிக்காத வரை எந்தக் கடையிலும் பேசிப் பார்க்கலாம். பிரித்து சிம் போட்டுவிட்டால் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் பாதி விலைகூட வராது. அதனால்தான் முதலில் புதிது வாங்காதீர்கள் என்கிறேன். வீட்டு மேஜை டிராயரில் தாத்தாவின் பழைய போன் ஒன்று கட்டாயம் கிடக்கும். பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போடாமல் கடைக்கு எடுத்து வாருங்கள். நோக்கியாவின் பிஎல்-5சி மாதிரிப் பேட்டரி இன்னும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் சிம் என்றால் 2ஜி போனே போதும். இரண்டு வாரம் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், 4ஜி போனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.